அந்தக் கடன் கொப்பியை அழிக்காதீர்கள்

எங்கள் அப்பாவின் கொலைக் கோப்பை இன்று கையில் வைத்திருக்கும் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

உங்கள் பெயரையும் நிலையத்தின் பெயரையும் இங்கே நான் எழுதவில்லை. கடிதம் அனுப்பியவர் நீங்கள், அதனால் யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கடந்த மாதம் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு அந்த ஒற்றைத் தாள் வந்தது. சிங்களத்தில் மட்டும் இருந்தது. அம்மாவுக்கு 81 வயது, தமிழ் மட்டும்தான் வாசிப்பார். பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன் நான். வேலை முடிந்து வரும்வரை அந்தத் தாளை மடியில் வைத்தபடி வாசல் கதிரையிலேயே இருந்திருக்கிறார். வாசித்துச் சொன்னேன். 1992இல் நடந்த கொலை தொடர்பாக இனி முன்னேற்றம் எதையும் எதிர்பார்க்க முடியாததால் கோப்பு மூடப்படுகிறது, களஞ்சியத்தில் உள்ள சான்றுப்பொருட்களை அழிக்க நீதிமன்றத்தின் அனுமதி கோரப்பட்டுள்ளது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "கொப்பியையுமா?"

அந்தக் கொப்பி எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

மலையகத்தில் ஒரு சிறு நகரம். பஸ் தரிப்பிடத்துக்குக் கீழே எங்கள் பலசரக்குக் கடை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருபவர்கள் மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்கி, சம்பள நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார்கள். தீபாவளிக்கு முன்னால் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள். வருடத்தில் எங்கள் கடை லாச்சியில் காசு நிறைந்திருப்பது அந்த ஒரு கிழமைதான். அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

1992 தீபாவளிக்கு முந்திய அந்தக் கிழமையில், நல்ல மழை இரவில், பலகைக் கதவில் பாதியைப் போட்ட நிலையில் அப்பாவை வெட்டிக் கொன்றார்கள். எனக்கு 14 வயது. லாச்சி காலியாக இருந்தது. அதனால் கொள்ளை என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் லாச்சிக்குப் பக்கத்தில் கடன் கொப்பி திறந்து கிடந்தது, அதில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

கெட்டி மட்டை போட்ட சீஆர் கொப்பி அது. அப்பா தன் கையாலேயே பக்க எண் போடுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். பெயர்ப் பட்டியல் முன்னால் கிடையாது, எந்தப் பக்கம் யாருடையது என்பது அப்பாவின் மனதில் இருந்தது. கிழிந்தது 83, 84ஆம் பக்கங்கள் இருந்த தாள். கிழிந்த ஓரத்திலும் 85ஆம் பக்கத்திலும் ரத்தம் பட்டிருந்தது. வெறும் காசுக்காக வந்தவன் ஒரு தாளைத் தேடிக் கிழித்துக்கொண்டு போக மாட்டான். அந்தத் தாளில் இருந்த பெயர்களில் ஒன்று கொலையாளியுடையது, அல்லது அவனுக்கு வேண்டியவருடையது. இதை நான் இன்று கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அன்றே ஒரு பொலிஸ்காரர் இதைச் சொன்னார்.

அவர் உங்கள் நிலையத்தில் சார்ஜன்ட்டாக இருந்தவர். சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். மற்றவர்கள் அம்மாவிடம் அப்பாவுக்கு இயக்கத்தோடு தொடர்பு இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் என்னைக் கூப்பிட்டு, கொப்பியில் கணக்கு எழுத நானும் உதவுவேனா என்று கேட்டார். உதவுவேன் என்றேன். அப்பா போல்பேனையை அழுத்தி எழுதுவார் என்றும், எழுதிய பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பக்கத்தில் எழுத்து விரலுக்குத் தட்டுப்படும் என்றும் சொன்னேன். அவர் உடனே டோர்ச்சை எடுத்து, 85ஆம் பக்கத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். எழுத்துகளின் நிழல் தெரிந்தது. சில தொகைகளை வாசிக்க முடிந்தது. பெயர் இருக்க வேண்டிய மேல் பகுதியில் ரத்தம் காய்ந்திருந்ததால் வாசிக்க முடியவில்லை. "இதைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் பிள்ளை" என்றார்.

அனுப்பப்பட்டது ரத்தத்தின் மாதிரி மட்டும். ஓ குரூப் என்று அறிக்கை வந்தது. அப்பாவுக்கும் ஓ. இந்த நாட்டில் மிகப் பலருக்கு இருப்பதும் ஓதான். அந்தக் காலத்துப் பரிசோதனை அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. கொப்பி களஞ்சியத்துக்குப் போய்விட்டது.

அதற்குள் நிலையம் ஓர் ஆளைப் பிடித்துவிட்டது. எங்கள் கடையில் வேலை செய்த 19 வயது அண்ணன். கடைசியாகக் கடையிலிருந்து போனவர் அவர் என்பதுதான் காரணம். அடித்தார்கள். மூன்று கிழமைகளுக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அவரை விட்டதற்கு ஒரு தாளும் யாரும் கொடுக்கவில்லை, ஆகவே ஊர் அவரை விடவில்லை. 2004இல் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்துகொண்டிருந்தவரைத் தற்செயலாகக் கண்டேன். வலது கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. என்னைக் கண்டதும் அம்மா எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். சில வருடங்களுக்கு முன் அவருடைய மகளுக்குப் பேசிய சம்பந்தம் ஊரிலிருந்து வந்த ஒரு பேச்சால் நின்றுபோனது. "முதலாளியைக் கொன்றவன் வீடு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கோப்பை மூடினால் இந்தப் பேச்சையும் அதற்குள் வைத்தே மூடுகிறீர்கள். அவர் குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய பொருளும் அதே கொப்பிதான்.

சார்ஜன்ட் ஐயா என்ன செய்தார் என்பதை உங்கள் கோப்பிலேயே காணலாம். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "முன்னேற்றம் இல்லை" என்ற உங்கள் வசனம் அவருடைய 15 வருட உழைப்பை இல்லாமல் ஆக்குகிறது. கிழிந்த பக்கத்தில் யார் இருந்தார் என்று தெரியாது, ஆனால் மற்றப் பக்கங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அப்படியானால் அப்பாவிடம் கடன் வைத்திருந்த எல்லோருடைய பெயரையும் சேர்த்து, கொப்பியில் பக்கம் இருப்பவர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுபவர் அந்தத் தாளுக்கு உரியவர். சொல்வதற்கு இலகு. அதற்காக அவர் தோட்டம் தோட்டமாக, லயம் லயமாகப் போனார். "முதலாளி கடையில் உங்களுக்குக் கணக்கு இருந்ததா?" இதே கேள்விதான். சிலர் பயந்து இல்லை என்பார்கள். சிலர் கொழும்புக்கு வந்துவிட்டார்கள், சிலர் வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். அவரையே இடையில் வேறு மாகாணத்துக்கு மாற்றினார்கள். லீவில் வந்து கேட்டுவிட்டுப் போனார். மறுபடி எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 2007இல் ஓய்வு பெற்றபோது பட்டியலில் மூன்று பெயர்கள் மிஞ்சியிருந்தன.

அந்த மூன்று பெயர்களை அவர் எங்களிடம் சொல்லவேயில்லை. அம்மா கேட்டும் சொல்லவில்லை. "நான் சொன்னால் நீங்கள் மூன்று பேரையும் வெறுப்பீர்கள் அம்மா, அதில் இரண்டு பேர் பாவம்" என்றார். ஓய்வுக்குப் பிறகு தன் செலவில் ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனைக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டாவது முறை வந்தபோது கையில் ஊன்றுகோல் இருந்தது. பட்டியல் கோப்பில் இருக்கிறது, கொப்பி களஞ்சியத்தில் இருக்கிறது, இரண்டையும் ஒரு நாள் யாராவது சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள் என்றார். 2019இல் காலமானார். அவருடைய மகள் எங்களைத் தேடி எடுத்து அழைத்துச் சொன்னார்.

அவர் சொன்னது போல ஒருவர் பார்க்கவும் செய்தார். 2016இல் உங்கள் நிலையத்துக்கு வந்த ஓர் இளம் உப பொலிஸ் பரிசோதகர் கோப்பைத் தூசி தட்டி எடுத்து, களஞ்சியத்தில் கொப்பியைத் தேடிக் கண்டுபிடித்தார். பொலித்தீன் பையில் கட்டி, மற்றப் பொருட்களுக்கு அடியில் கிடந்ததாம். ஈரத்தோடு பொலித்தீனில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், ரத்தக் கறையும் கெட்டுப்போகும், அதனால் காகித உறைக்கு மாற்றியிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னார். ஓரங்களில் பூஞ்சணம் இருந்தாலும் 85ஆம் பக்கம் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் அவருக்கு மாற்றல். அந்தக் கோரிக்கை அதே கோப்பில் இருக்க வேண்டும். பதில் எழுதப்பட்டதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டேன். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது "தேடப்படுகிறது" என்ற ஒரு வரி, அதுவும் நான்கு மாதத்துக்குப் பிறகு. தேடப்பட்டுக்கொண்டிருந்த பொருளை இப்போது அழிக்க அனுமதி கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது கிடைத்துவிட்டதா?

உங்கள் கடிதம் வந்த அடுத்த நாள் நிலையத்துக்கு அழைத்தேன். பேசியவர், இருபது வருடம் தாண்டிவிட்டது, இனி வழக்குப் போட முடியாது என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், ஆனால் அது பிழை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456ஆம் பிரிவு இருபது வருடக் கெடுவை மற்றக் குற்றங்களுக்குத்தான் வைக்கிறது. கொலைக்கும் அரச துரோகத்துக்கும் எவ்வளவு காலம் போனாலும் வழக்குத் தொடரும் உரிமை அற்றுப்போகாது என்று அதே பிரிவு சொல்கிறது. லாச்சியில் போன காசுக்குக் காலம் கடந்திருக்கலாம். அப்பாவின் உயிருக்குக் கடக்கவில்லை.

இனி அந்தக் கொப்பியில் என்ன எடுக்க முடியும் என்பதைச் சொல்கிறேன். நான் கணக்கு எழுதுபவள், விஞ்ஞானி இல்லை. ஆனால் 33 வருடமாக ஒரு கொப்பியைப் பற்றி யோசிப்பவள் தேடி வாசிக்கத்தானே செய்வாள்.

அழுத்தி எழுதியதால் அடுத்த தாளில் விழும் தடத்தை, மின்னேற்றம் செய்த மெல்லிய படலத்தை அந்தத் தாளின் மேல் விரித்துக் கரிய பொடி தூவி வாசிக்கும் முறை 1970களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. பென்சிலால் தேய்க்கத் தேவையில்லை, தேய்க்கவும் கூடாது. அடுத்தது விரலடையாளம். காகிதத்தில் கை படும்போது வியர்வையிலுள்ள அமினோ அமிலங்கள் தாளுக்குள் இறங்கிவிடுகின்றன. நின்ஹைட்ரின் என்ற பொருளைப் பூசினால் அவை ஊதா நிறத்தில் எழும்பி வருகின்றன. ஈரம் கெடுக்காத தாளில் பல வருடங்களுக்குப் பிறகும் இது பலன் தந்திருக்கிறது. இதில் ஒழுங்கு முக்கியம். எழுத்துத் தடத்தை முதலில் எடுக்க வேண்டும், நின்ஹைட்ரின் பூசிவிட்டால் தடம் போய்விடும். ஒரு தாளைக் கிழிப்பவன் மற்றக் கையால் கொப்பியை அமத்தித்தான் பிடிக்க வேண்டும். அவன் எங்கே அமத்தினான் என்று 85ஆம் பக்கத்துக்குத் தெரியும். கடைசியாக ரத்தம். 1992இல் குரூப் மட்டும் பார்த்தோம். இன்று அதே கறையில் மரபணுவைப் பார்த்து, அது முழுக்க அப்பாவுடையதா, வெட்டும்போது கையில் காயம்பட்ட வேறொருவருடையதும் கலந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். ஒப்பிட நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மா இருக்கும்போதே செய்ய வேண்டும்.

வேறு நாடுகளில் இது நடந்திருக்கிறது. வேல்ஸின் பெம்புரோக்‌ஷயரில், கடலோரச் சிறு ஊர்களுக்கிடையில், 1985இல் ஓர் அண்ணனும் தங்கையும், 1989இல் ஒரு கணவனும் மனைவியும் கொல்லப்பட்டார்கள். இருபது வருடங்களுக்கு மேல் அந்தக் கோப்புகள் தீரவில்லை. பழைய சான்றுப்பொருட்களை வெளியே எடுத்துப் புதிதாகப் பரிசோதித்தார்கள். ஒரு காற்சட்டையில் மிகச் சிறிய ரத்தத் துளி, ஒரு துப்பாக்கியில் பிறகு பூசிய பெயின்ட்டுக்கு அடியில் ரத்தம். 2011இல் ஜோன் கூப்பர் என்பவர் நான்கு கொலைகளுக்கும் குற்றவாளியாகக் காணப்பட்டார். அந்தக் காற்சட்டையையும் துப்பாக்கியையும் யாராவது ஒருவர் இடம் போதாது என்று எரித்திருந்தால்?

இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் கிராமங்களில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டபோது, 17 வயதுப் பையன் ஒருவன் பொலிஸாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மரபணுப் பரிசோதனை முதலில் செய்தது அவனை விடுவித்ததுதான். உண்மையான கொலையாளி 1988இல் தண்டிக்கப்பட்டான். இதை வாசித்தபோதெல்லாம் எனக்கு மடங்காத இரண்டு விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

நம் நாட்டிலும் பழைய மரணங்களைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். 2012 மே மாதம் நாரஹேன்பிட்டியில் எரிந்த காரில் கிடந்த ரக்பி வீரர் வசீம் தாஜுதீனின் மரணம் விபத்தென்று எழுதப்பட்டது. 2015 ஓகஸ்டில் அவருடைய உடல் தெஹிவளை மையவாடியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. 2009 ஜனவரியில் கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் உடல் 2016இல் தோண்டி எடுக்கப்பட்டது. இரண்டு கொலைகளுக்கும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை, அது வேறு துயரம். நாடே பெயர் சொல்லும் மனிதர்களுக்கே இவ்வளவு நாள் எடுக்கிறது என்றால், பஸ் தரிப்பிடத்துக்குக் கீழே சீனி நிறுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு யார் வருவார் என்று அம்மா கேட்பதுண்டு. வந்தார்கள் என்பதே என் பதில். ஒரு சார்ஜன்ட் வந்தார், ஓர் உப பரிசோதகர் வந்தார். இருவரும் உங்கள் சீருடை அணிந்தவர்கள். அவர்கள் சேர்த்து வைத்ததைத்தான் நீங்கள் அழிக்கப் போகிறீர்கள்.

களஞ்சியத்தில் இடமில்லை என்பதும், உங்களுக்கு ஆள் போதாது என்பதும் எனக்குத் தெரியும். தினமும் புதிய முறைப்பாடுகள் வரும் நிலையத்தில் 1992ஆம் ஆண்டுக் கோப்பு சுமையாகத் தெரியலாம். ஆனால் நாங்கள் கேட்பது புதிய விசாரணைக் குழு இல்லை. ஒரு கொப்பியைப் பத்திரமாக ஓர் உறையில் போட்டுப் பெலவத்தையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பும் வேலை.

எங்கள் கோரிக்கைகள் இவை. சான்றுப்பொருட்களை அழிக்கக் கேட்டு நீதவான் முன் வைத்த விண்ணப்பத்தை உடனே மீளப் பெறுங்கள். அது முடியாது என்றால் விண்ணப்பம் எடுக்கப்படும் திகதியை எங்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். நாங்கள் சட்டத்தரணியோடு வந்து எங்கள் பக்கத்தைச் சொல்வோம். கொப்பி இன்று எங்கே, எந்த உறையில், யார் பொறுப்பில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். அதை இனி யாரும் வெறுங்கையால் தொடாமல், பொலித்தீனில் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றக் கட்டளை பெற்று, கொப்பியை அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். எழுத்துத் தடம், விரலடையாளம், மரபணு என்ற அந்த ஒழுங்கில் பரிசோதிக்கக் கேளுங்கள். எங்கள் இரத்த மாதிரிகளைக் கொடுக்க நானும் அம்மாவும் எந்த நாளிலும் வரத் தயார். வரும் முடிவைச் சார்ஜன்ட் ஐயாவின் பட்டியலோடு ஒப்பிட ஓர் அதிகாரியை நியமியுங்கள், ஆறு மாதத்துக்காவது அவரை மாற்றாதீர்கள். அந்த மூன்று பெயர்களை எங்களிடம் சொல்ல வேண்டாம். அவர் காப்பாற்றியதை நீங்களும் காப்பாற்றுங்கள்.

அன்று பிடிக்கப்பட்ட கடை அண்ணனுக்கு, அவருக்கு எதிராக எந்தச் சான்றும் இல்லாததால் விடுவிக்கப்பட்டார் என்று உங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் கொடுங்கள். பரிசோதனை முடியும்வரை அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. கோப்பில் இருப்பதை எழுதினாலே போதும்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு இந்த நாட்டில் இப்போது சட்டம் இருக்கிறது. 2015இல் வந்தது, 2023இன் 10ஆம் இலக்கச் சட்டமாகத் திருத்தி எழுதப்பட்டது. அதன்படி எங்களுக்கு எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எழுதும்படி கேட்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் அதையாவது எழுதுங்கள்.

தயவுசெய்து தமிழில் எழுதுங்கள். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து அதுவும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அடுத்த கடிதம் வரும்போது அம்மா நான் வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்காமல் தானே வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
85ஆம் பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்ன பிள்ளை
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13